இருக்க ஏலாத சம்பந்தி

காசிநாதரால் நிற்க முடியும், குப்புறப் படுக்க முடியும். கதிரையில் இருப்பது மட்டும் முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் லிங்கநகர் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் ஆட்டோ வந்து நின்றது.

மூலத்துக்கு ஒப்பரேசன் செய்து இந்தக் கிழமைதான் வீட்டுக்கு வந்திருந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். எவ்வளவு பெரிய கப்பலையும் இழுத்துவந்து கட்டிவிடுவார், ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வராது. மனைவி ராசமலருக்கு அதைவிட வெட்கம். கட்டைபறிச்சானிலிருந்து மாப்பிள்ளையின் தாய் போனில் விசாரித்தபோது, கேட்க மரியாதையாக இருக்கட்டும் என்று, இருதயத்தில் ஒப்பரேசன் என்று சொல்லிவிட்டாள். விடுவார்களா? நோயாளியைப் பார்க்கப் பழங்களோடும் கேக்கோடும் புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை ரஜீவன் வரவில்லை. கொழும்பில் ஏதோ பயிற்சியாம். ஒரு கிழமையாக அவன் போன் எடுக்கவில்லை என்று குசினிக்குள் அடுப்படியில் மகள் சுதர்சிகா முகம் வாடிக் கிடந்தாள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பிய பிள்ளை. இதுவும் குழம்பினால் அவளைப் பார்க்கவே தன்னால் முடியாது என்று காசிநாதருக்கு நெஞ்சு பதறியது.

வந்தவர்கள் இருந்தார்கள். ஆட்டோ ஓட்டி வந்த ஜவ்பர் வாசல்படியில் இருந்து தேத்தண்ணி குடித்தார். காசிநாதர் நின்றார்.

"நெஞ்சு வருத்தக்காரர் இப்பிடி நிக்கலாமோ? இருங்கோ அண்ணை," என்றார் மாப்பிள்ளையின் தாய்.

முதுகெலும்பிலும் கொஞ்சம் பிசகு, இருக்க வேண்டாமென்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்று காசிநாதர் சமாளித்தார். மாப்பிள்ளையின் தாயின் புருவம் உயர்ந்தது. வருத்தம் இரண்டாகிவிட்டது.

அவர் உப்புச் சுடுதண்ணீரில் இருக்க வேண்டிய நேரம் அது. ஆட்கள் வந்த பதற்றத்தில் ராசமலர் அகன்ற பேசினைத் தூக்கிக்கொண்டு நேரே முன்னறைக்கே வந்துவிட்டாள். இது எதற்கு என்று கேள்வி வந்ததும், சீனி வருத்தம், கால் வீங்குகிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளையின் தாய் கொண்டுவந்த கேக் பெட்டியை மெல்லத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஆறமுதல் காலை வைக்கச் சொன்னார். வேறு வழியில்லை. காசிநாதர் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, முன்னறை நடுவில் பேசினுக்குள் ஏறி நின்றார்.

மாப்பிள்ளையின் தகப்பன் அருளம்பலம் ஒரு நிலையில் இல்லை. மனைவியைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், கூரையைப் பார்ப்பார். கடைசியில் ஒருமாதிரி வாயைத் திறந்தார்.

"குறை நினைக்கக்கூடாது. கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பமோ?"

குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்தோடு காசிநாதரின் வெட்கமும் போய்விட்டது.

"என்ரை இருதயம் நல்லாயிருக்கு. முதுகு நல்லாயிருக்கு. சீனியும் இல்லை," என்றார் பேசினுக்குள் நின்றபடியே. "மூலம். அதைத்தான் வெட்டினது. சொல்ல வெக்கத்தில பொய் சொல்லிப்போட்டம். அதுக்காக என்ரை பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

ராசமலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அருளம்பலம் வாய் பிளந்து மனைவியைப் பார்த்தார். மனைவி நிலத்தைப் பார்த்தார்.

வாசல்படியில் ஜவ்பர் கிளாசைக் கீழே வைத்தார்.

"அப்ப நீங்களும் சொல்லிருங்களேன் ஐயா. மகனுக்கும் மூலம் வெட்டிப் படுக்கையில கிடக்கிறத இவங்களுக்கிட்ட எப்படிச் சொல்றதுன்டுதானே வழியெல்லாம் ரெண்டு பேரும் சண்ட புடிச்சிட்டு வந்தீங்க."