சாமைக் கஞ்சி உணவாகாது

மலைமேல் ஆலத்தூர் நாட்டுப் பாவாயிக்குச் சர்க்கார் மருந்துச்சாலை செய்த அநியாயம் இதுதான்: முதுகுவலி என்று போனவளுக்கு ஆறு ஆஸ்பிரின் மாத்திரைகளைக் கொடுத்தது, அவற்றை எப்படித் தின்பது என்பதை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. பொட்டலத்தின் மேல் 'உணவுக்குப் பின்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது உண்மை. கம்பவுண்டரை விட்டால் அந்த வட்டாரத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர், மருந்துச்சாலைச் சுவரில் படமாகத் தொங்கிய சக்கரவர்த்தி ஒருவர்தான் என்பதும் உண்மை.

முதல் மாத்திரையைப் பாவாயி இரவுச் சோற்றுக்குப் பிறகு தற்செயலாக விழுங்கினாள். வலி விட்டது. ஒன்றுக்கே இப்படியென்றால் ஐந்துக்கு எப்படியிருக்கும் என்று மறுநாள் விடியலில் வெறும் வயிற்றில் மிச்சத்தை ஒரே வாயில் போட்டுக்கொண்டாள். குடல் எரிந்தது. கருப்பாக வாந்தியெடுத்தாள். மூன்று நாள் பாயை விட்டு எழவில்லை.

எழுந்ததும் நேராக மருந்துச்சாலை இருந்த செம்மேட்டுக்கு நடந்தாள்.

"ஏனுங்க, மருந்து நல்ல மருந்துதானுங்க. ஒண்ணு தின்னப்ப இடுப்பு இருக்கறதே தெரியலீங்க. அஞ்சு தின்னப்ப உசுரு இருக்கறதே தெரியலீங்க. எப்படித் தின்னோணும்னு சொல்லி இன்னொருக்கா குடுங்க, போதும்."

அவளுக்கு அது அவசரம். புருஷன் இல்லாதவள். புரட்டாசியில் சாமை முற்றிவிடும். அவள் குனிந்தால்தான் அறுப்பு. குனியாவிட்டால் வருஷச் சோறு குருவிக்கும் மண்ணுக்கும்.

கம்பவுண்டர் அர்த்தனாரி ரிஜிஸ்டரைப் புரட்டினார். பெயருக்குக் கட்டம் இருந்தது, நோய்க்கு இருந்தது, புகாருக்கு இருந்தது. கேள்விக்குக் கட்டம் இல்லை. எனவே அவள் கேள்வியைப் புகார்க் கட்டத்தில் எழுதினார்.

"அவ்வளவுதானம்மிணி. புகார் முடியற வரைக்கும் புகார்காரருக்கு மருந்து கிடையாது. சட்டம்."

"நான் புகார் சொல்லலீங்களே."

"அதையும் சொல்லிப் பாரு. இன்னொரு புகாரா எழுதிக்கறேன்."

சர்க்கார் இதுவரை காணாத வேகத்தில் இயங்கி, இரண்டே மாதத்தில் விசாரணை அதிகாரி அப்பாசாமியை அனுப்பியது. மலையடிவாரப் புளியஞ்சோலையிலிருந்து அவரை டோலியில் வைத்து நாலு பேர் சுமந்து வந்தார்கள். சுமந்து வந்தது நாலு பேர். முதுகு பிடித்துக்கொண்டது உள்ளே உட்கார்ந்து வந்த ஐந்தாமவருக்கு. புரட்டாசிச் சனிக்கிழமை வேறு. ஆபீசர் விரதம்; காலையிலிருந்து வெறுங் காப்பிதான்.

இடுப்பைப் பிடித்தபடியே விசாரணையைத் தொடங்கினார்.

"மாத்திரைக்கு முன்பு என்ன உண்டாய்?"

"அஞ்சு தின்ன அன்னிக்கு ஒண்ணுமில்லீங்க, அதுதான் தப்பாப்போச்சாட்டம். மொத நாளு சாமைச்சோறு தின்னுட்டுத் தின்னனுங்க, நல்லாத்தான் இருந்துச்சு."

ஆபீசர் உணவுப் பட்டியலை விரித்தார். "அரிசி, ரொட்டி, பால். சாமை எங்கே இருக்கிறது?"

"எங்க காட்டுலீங்க."

"அது ரெவின்யூ இலாகாவின் விளைபொருள். மெடிகல் இலாகாவுக்கு உணவாகாது."

"அப்ப நாங்க இத்தன காலமா என்னத்தத் தின்னமுங்க?"

"அது இந்த விசாரணையின் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்ற ஆபீசர் குறிப்பு எழுதினார்: 'மனுதாரரோ அவருடைய முன்னோரோ இதுவரை உணவு உட்கொண்டதற்கு ஆதாரம் இல்லை. உணவே இல்லாதவருக்கு, உணவுக்குப் பின் வரவேண்டிய மருந்தை வழங்க இயலாது.'

எழுதி முடித்ததும் முதுகு சுளீரென்றது. பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்கு அப்போது ஆஸ்பிரின்தான் நாகரிகம். கைக்கடிகாரம் கட்டாத கனவான்கூட உண்டு. சட்டைப்பையில் ஆஸ்பிரின் இல்லாத கனவான் கிடையாது. ஆபீசர் நாலை எடுத்துக் காப்பியோடு விழுங்கினார். ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் கவிழ்ந்தார்.

அர்த்தனாரி பதறிப்போய் மேஜை இழுப்பறையைத் திறந்து அச்சடித்த காகிதம் ஒன்றை எடுத்துத் தமிழாக்கி வாசித்தார். "வெறும் வயித்துல போடக்கூடாதுங்க. சொன்ன அளவுக்கு மேல போடக்கூடாதுங்க. பழைய வயித்துப்புண் இருந்தா தொடவே கூடாதுங்க. எரிச்சலெடுத்தா, கருப்பா வாந்தி வந்தா, கருப்பா வெளிக்குப் போனா அதோட நிறுத்திப்போட்டு டாக்டர்கிட்டப் போகோணுமுங்க."

"இதை ஏனய்யா யாருக்கும் சொல்லவில்லை?"

"'ஆபீஸ் உபயோகத்துக்கு மட்டும்'னு மேல போட்டிருக்குதுங்க. ஆபீஸே நீங்கதான், படிச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

வாசலில் நின்ற பாவாயி ஒவ்வொன்றாக விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டாள். இந்த நாலு வார்த்தைக்குத்தான் இரண்டு மாதம் நடந்திருக்கிறாள். பிறகு தன் கலயத்தைக் கொண்டுவந்து ஆபீசர் முன் வைத்தாள்.

"சாமைக் கஞ்சிங்க. எரிச்சலுக்கு எதமா இருக்கும். குடிங்க சாமி."

"விரதம்மா. சாப்பிடக் கூடாது."

"இது சாப்பாடு இல்லீன்னு நீங்கதானுங்க இப்ப எழுதுனீங்க. விரதம் கெடாது, குடிங்க."

ஆபீசர் யோசித்தார். சட்டப்படி குற்றம் காண முடியவில்லை. கலயம் காலியானது. எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. டோலி மலையிறங்கியது.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. அதற்குள் பாதிச் சாமை உதிர்ந்துவிட்டிருந்தது. மீதியைப் பாவாயி குனிய முடியாமல் தரையில் உட்கார்ந்து நகர்ந்தபடி அறுத்துக்கொண்டிருந்தாள். அர்த்தனாரி வரப்பில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் வாசித்தார்:

"மனுதாரரின் கேள்வி மிகுந்த அனுதாபத்துடன் பரிசீலிக்கப்பட்டது. சாமைக் கஞ்சி உணவல்ல என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டது. எனினும் அது வயிற்றெரிச்சலைத் தணிப்பதை விசாரணை அதிகாரி தம் சொந்த வயிற்றில் நேரில் கண்டறிந்தார். உணவல்லாததாய், வயிற்றுக்குள் சென்று உபாதையைத் தணிப்பது எதுவோ அது மருந்து. ஆகவே மனுதாரர் பிறந்த நாள் முதல் இடைவிடாமல் மருந்து உட்கொண்டு வருகிறார் என்று ஏற்படுகிறது. ஒரு மருந்தில் இருப்பவருக்கு இன்னொரு மருந்து கொடுப்பது ஆபத்தாகையால் ஆஸ்பிரின் மறுக்கப்படுகிறது. மேற்படி கஞ்சியை அளவு மீறாமல் உட்கொள்ளும்படி மலைவாசிகள் அனைவரும் இதன்மூலம் எச்சரிக்கப்படுகிறார்கள். பெரியவர்களுக்கு வேளைக்கு இரண்டு அவுன்ஸ். குழந்தைகளுக்கு அதில் பாதி."