ஒரு ஸ்மோக்கருக்கு மூன்று விலைப்புள்ளிகள்

நீடாமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டுமென்றால் கடைக்குப் போவார்கள், பேரம் பேசுவார்கள், கையோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒழுங்குமுறை தெரியாதவர்கள் செய்கிற காரியம் அது. அடைக்கலசாமி ஒழுங்குமுறை தெரிந்தவர். அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்துத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் அலுவலகத்தையும் கூடவே எடுத்துவந்துவிட்டார் என்பது அவர் மனைவி சவரியம்மாளுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. காய்கறிச் சீட்டில் "பார்வை: நேற்றைய வாய்மொழிக் கோரிக்கை" என்று எழுதியிருந்தது.

அவர்களுக்கு ஒரே மகன், ரெமிஜியஸ். டல்லாஸில் வேலை. ஐந்து வருடமாக ஊருக்கு வரவில்லை. இரண்டு கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்று சொல்லி, இரண்டு தடவையும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கைப்பில் வந்து சொன்னான்:

"இந்தத் தடவை கட்டாயம் வர்றேன்ப்பா. பத்து நாள் லீவு. கொல்லையில வச்சு நானே சமைக்கிறேன். ஒரு நல்ல பெல்லட் ஸ்மோக்கர் மட்டும் வாங்கி வச்சிடுங்க."

"அது என்னடா?"

"மரத்தூளை அழுத்தி மாட்டுத்தீவனம் மாதிரி சின்னச் சின்ன உருளையா செஞ்சிருப்பாங்க. அதை ஒரு தொட்டியில கொட்டிட்டா மெஷினே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து எரிச்சுக்கும். அந்தப் புகையிலேயே கறி பன்னெண்டு மணி நேரம் மெதுவா வேகும். இங்க எல்லார் வீட்டுலயும் இருக்கு. தரமானதா பாத்து வாங்குங்க."

சவரியம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "விறகடுப்புல வச்சா புகை வராதாடா?"

"அது வேறம்மா."

"புகையில என்னடா வேற?"

அடைக்கலசாமி அவளைக் கையமர்த்தினார். மகன் வருவது இந்த இயந்திரத்தின் மேல் நிற்கிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. இதில் தவறு நடக்கக் கூடாது. தவறு நடக்காமலிருக்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அன்று மதியமே கோப்பு திறந்தார். சவரியம்மாளின் கேள்வியைத் தனித் தாளில் எழுதி, "பயனாளியின் மனு, கோப்பில் வைக்கவும்" என்று குறிப்பெழுதி, கோப்பில் வைத்தார்.

கோப்பு திறந்தால் குழு அமைக்க வேண்டும். இயந்திரம் என்பதால் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைத் தலைவராகப் போட்டார். கல்யாணம் ஓய்வுபெற்ற பொறியாளர்.

"நான் முட்டைகூடத் தொட்டதில்லையே சார்," என்றார் கல்யாணம்.

"அதனாலதான் சார் உங்களைப் போட்டேன். கறி விஷயத்துல உங்களுக்கு எந்தப் பக்கமும் சாய்வு இருக்காது."

சேதி கேட்டு நாகூர் மீரா உசேன் தானாகவே வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருபத்தைந்து வருடமாகப் பிரியாணிக் கடை வைத்திருப்பவர்.

"சார், கறி சம்பந்தமான குழுன்னாங்க. என்னைச் சேத்துக்கங்க."

"மன்னிச்சுக்கணும் பாய். கறியில உங்களுக்கு நேரடித் தொடர்பு இருக்கு. விதிப்படி நீங்க குழுவுல வர முடியாது."

"கறி தெரிஞ்சவன் வரக் கூடாதா?"

"தெரிஞ்சவங்க வந்தா அப்புறம் குழு எதுக்கு?"

மீரா உசேன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, சொல்றதையாவது கேட்டுக்கங்க. இரும்பு தடிமனா இருக்கான்னு தட்டிப் பாருங்க. மெல்லிசா இருந்தா மார்கழிப் பனிக்கு உள்ள சூடு நிக்காது. உருளை கொட்டுற தொட்டிக்கு மூடி இறுக்கமா இருக்கணும். நம்ம ஊரு மழையில ஈரம் ஏறிச்சுன்னா மெஷினுக்குள்ள கஞ்சியாயிடும். சாம்பல் அள்ளுறதுக்கு வழி இருக்கான்னு பாருங்க. அவ்வளவுதான் சார், அரை மணி நேர வேலை."

அடைக்கலசாமி இதை "வெளியார் கருத்து" என்று எழுதிக் கோப்பில் வைத்தார்.

அடுத்தது விலைப்புள்ளி. மூன்று கடைகளிலிருந்து வாங்கி ஒப்பிட வேண்டும் என்பது விதி. பெல்லட் ஸ்மோக்கர் விற்கிறவர் சென்னையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரையே மனதில் வைத்து எழுதினால் பாரபட்சம் என்று பேச்சு வரும். ஆகையால் பொருளின் பெயரைச் சொல்லாமல், தேவையை மட்டும் பொதுவாக எழுதி நாலா பக்கமும் அனுப்பினார்: "மூடியுடன் கூடிய உலோகக் கலம். சிறு உருண்டை வடிவ எரிபொருள் இடத்தக்கது. புகை சீராகவும் தொடர்ச்சியாகவும் வெளிவர வேண்டும். ஒரு நபர் நகர்த்தக்கூடியதாக இருத்தல் அவசியம்."

மூன்று விலைப்புள்ளிகள் வந்துசேர்ந்தன. ஒன்று சென்னைக்காரருடையது. இன்னொன்று தஞ்சாவூரில் கொசுப்புகை இயந்திரம் விற்கிறவருடையது. மூன்றாவது வேளாங்கண்ணிப் பக்கம் கோயில் சாமான் கடை. அவர்கள் பூசையில் சாம்பிராணி போட்டு ஆட்டுகிற தூபக்கலசத்தின் படத்தை அனுப்பியிருந்தார்கள்.

குழு கூடியது. கல்யாணம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சென்னைக்காரரோடது எவ்வளவு எடை?"

"எண்பது கிலோ."

"ஒரு நபர் நகர்த்த முடியாது. தகுதியின்மை ஒண்ணு. இது கரண்ட்ல ஓடறதாமே? கறி பன்னெண்டு மணி நேரம் உள்ள இருக்கணும். நமக்கு அதுல ஆறு மணி நேரம்தான் கரண்ட் வரும். மீதி ஆறு மணி நேரம் கறி என்ன பண்ணும்?"

"காத்திருக்கும்," என்றார் அடைக்கலசாமி. அந்த வருடம் மின்வெட்டு ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது.

"கையால சுத்தற பிடி வச்சுத் தருவாளான்னு கேட்டு எழுதுங்கோ."

எழுதினார்கள். அப்படி ஒரு பிடி உலகத்தில் எந்த ஸ்மோக்கரிலும் கிடையாது என்று பணிவாகப் பதில் வந்தது. தகுதியின்மை இரண்டு. கொசுப்புகை இயந்திரத்துக்கு மூடி இல்லை. ஆக, தேவைகள் அனைத்தையும் பூர்த்தி செய்தது தூபக்கலசம் ஒன்றுதான். உலோகம், மூடி, உருண்டை எரிபொருள், சீரான புகை. நகர்த்துவதென்ன, ஆட்டவே செய்யலாம்.

"இதுல கறி கொள்ளுமா சார்?" என்று கல்யாணம் கேட்டார்.

"அதை நாம நிபந்தனையில போடலியே," என்றார் அடைக்கலசாமி. கேள்வி நியாயமானது என்பதால், நிபந்தனைகளைத் திருத்தி மறுபடி விலைப்புள்ளி கோருவதென்று தீர்மானமாயிற்று. அதற்குள் டிசம்பர் பிறந்துவிட்டது.

ரெமிஜியஸ் வந்தேவிட்டான். இறங்கியதும் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தான். வாழைக்கன்று இருந்தது, துணிக்கொடி இருந்தது.

"ஸ்மோக்கர் எங்கப்பா?"

அடைக்கலசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு கோப்பை நீட்டினார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மகன் முகம் சுருங்கியதை அவர் பார்த்தார். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு நாளைக்கே கிளம்பிவிடுவானோ என்று நினைத்தார்.

ரெமிஜியஸ் நின்றபடியே பத்துப் பக்கம் படித்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தான். ஐம்பதாம் பக்கத்தில் நிமிர்ந்தான்.

"என்னப்பா இது, ரிஸ்க் மேட்ரிக்ஸே இல்ல? வெயிட்டேஜ் எங்க? இரும்புத் தடிமனுக்கு எத்தனை மார்க், தொட்டிக்கு எத்தனை மார்க்? எங்க கம்பெனியில இப்படிக் கொடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

டல்லாஸில் அவனுக்குக் கொள்முதல் பிரிவில் வேலை என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் லேப்டாப்பைத் திறந்தான். அப்பாவும் மகனும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் தட்ட, பத்து நாளும் அப்படியே போயிற்று. நடுவில் பயனாளியின் கருத்தையும் பதிய வேண்டும் என்று ரெமிஜியஸ் அடுப்படிக்குப் போனான். சவரியம்மாள் விறகடுப்பில் ஆட்டுக்கறி ஏற்றிவிட்டு ஊதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு."

"எதுக்குடா?"

"புகைக்கு."

"கண்ணு ரெண்டும் அவிஞ்சு போவுது. பத்துன்னு போட்டுக்க."

போட்டுக்கொண்டான். அந்தக் கறியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிடும்போதுகூட தொட்டி மூடியின் இறுக்கத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

கிளம்புகிற அன்று மார்க் எல்லாம் கூட்டி முடிந்துவிட்டது. "சென்னைக்காரரோடதுதான்ப்பா. மீரா உசேன் மாமா சொன்ன மூணும் இதுலதான் சரியா இருக்கு. கையெழுத்து போடுங்க, முடிஞ்சுது."

அடைக்கலசாமி பேனாவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே இருந்தார். முப்பத்தாறு வருடத்தில் தன் மேசைக்கு வந்த முகங்களை நினைத்துப் பார்த்தார். பட்டாவுக்கு வந்தவர்கள், சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள், வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் வந்தவர்கள். வேலை முடிந்த பிறகு ஒருத்தர்கூட, சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று, வந்ததில்லை.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அழகான கையெழுத்தில் எழுதினார்: "மேலும் பரிசீலனைக்கு உரியது. மனுதாரர் அடுத்த டிசம்பரில் நேரில் ஆஜராக வேண்டும்."

ரெமிஜியஸ் வாசித்தான். "நேர்லதான் வரணுமா? ஸ்கைப்புல முடியாதா?"

"விதியில இடமில்லப்பா."

"ப்ராசஸ்னா ப்ராசஸ்தான்," என்றான் மகன். அங்கேயே உட்கார்ந்து அடுத்த டிசம்பருக்கு லீவு விண்ணப்பம் அனுப்பிவிட்டுத்தான் காரில் ஏறினான்.

மறுநாள் காலை கல்யாணம் வாசலில் வந்து நின்றார். அவருடைய மகள் ரோஹிணி சிட்னியில் இருக்கிறாள். அவள் ஊருக்கு வந்து நான்கு வருடமாயிற்று.

"சார், எனக்கும் ஒரு கோப்பு திறந்து தரணும்."

"எதை வாங்குறதுக்கு சார்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல கோப்பு."

தெருமுனையில் இன்னும் நாலைந்து பேர் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பியவர் இருந்தார், துபாய்க்கு அனுப்பியவர் இருந்தார். அடைக்கலசாமி எல்லோரையும் கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னார்:

"அடுத்த வாரம் வாங்க."