பத்தாவது டேக்கில் உங்கள் தங்கை சொன்னது

காரைக்கால்,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

மரியாதைக்குரிய மச்சான் மதார் சாகிப் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஆஸியா பீவியின் கணவன் காஜா நஜ்முதீன் எழுதும் மடல். அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் தங்களுக்கு உடல் சுகமும் கடையில் பரக்கத்தும் குறையாமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மகள் நஜீபா பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. மற்றபடி எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனா மறுக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான்கு முறை பேசிப் பார்த்து நான்கு முறையும் அழித்துவிட்டேன். பக்கத்துத் தெரு சிலம்பரசன் சனிக்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், மச்சான், நான் டைரக்டர் ஆனேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று சொன்னால் பாதி பொய். எங்கள் பகுதி இளைஞர் மன்றம் குறும்படப் போட்டி வைத்தது. குவைத்திலிருந்து ஊர் திரும்பி இரண்டு வருஷமாக நாளிதழின் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நான், ஒரு கதை எழுதினேன். வெளிநாட்டில் பிழைக்கப் போன சபுராளி ஒருவன் பல வருஷம் கழித்து வீடு வருகிறான், வாசலில் மனைவி நிற்கிறாள், அவ்வளவுதான் கதை. கல்யாண வீடியோ எடுக்கும் கவியரசன்தான் டைரக்ட் செய்வதாக இருந்தது. படப்பிடிப்புக்கு முதல் நாள் அவர் வந்து, "பாய், நாளைக்கு ரெண்டு முகூர்த்தம் மாட்டிக்கிச்சு. கேமராவையும் அசிஸ்டென்ட் முகிலனையும் அனுப்புறேன். கதை உங்களோடது, நீங்களே டைரக்ட் பண்ணிடுங்க" என்றார். எனக்கு என்ன தெரியும் என்றேன். "இருபத்திரண்டு வருசம் குடோன்ல நாப்பது பேர வேலை வாங்குனவரு நீங்க. இதுல நாலே பேருதான்" என்றார். அந்த வார்த்தையில் விழுந்தேன். குடோனில் நான் வேலை வாங்கியது அரிசி மூட்டைகளை. அவை திருப்பிப் பேசாது.

முதல் கோளாறு பெட்டி. சபுராளியாக நடித்தவர் ரிட்டயர்டு கண்டக்டர் சுப்ராயன். கயிறு கட்டிய பெரிய பெட்டியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். காலிப் பெட்டி என்று பார்க்கிறவனுக்குத் தெரியுமே, கனமாக ஏதாவது வையுங்கள் என்றேன். முகிலன் ஈர மணலை அள்ளிப் போட்டுவிட்டார். அடுத்த முறை சுப்ராயன் இழுத்த இழுப்பில் கைப்பிடி மட்டும் கையோடு வர, அவர் பின்னால் போய் கார் கதவில் மோதி உட்கார்ந்தார். அதற்குள் பெட்டியையும் காரையும் பார்த்துவிட்டு மீன் வியாபாரி காத்தமுத்து ஓடிவந்து, யாரோ நிஜமாகவே வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டார்கள் என்று நினைத்து, "தைலம் கொண்டாந்தியளா?" என்று சுப்ராயன் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவும் கேமராவில் பதிவாகியிருக்கிறது. படத்தில் அதுதான் எல்லாரும் நன்றாக இருந்தது என்று சொன்ன காட்சி. ஒரு முறை 'ஆக்‌ஷன்' சொன்ன நான் 'கட்' சொல்ல மறந்துவிட்டேன். சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்று காலையில் நான்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆகவே சுப்ராயன் நடையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அடுக்களைக்குள் போய், அங்கே படப்பிடிப்புக்காரர்களுக்கு வைத்திருந்த பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது ஒரு தட்டு முடிந்திருந்தது. "நீங்க கட் சொல்லலையே சார்" என்றார். தப்பு அவர்மேல் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இனிமேல் எழுதப் போவதுதான் எழுத முடியாதது.

மனைவியாக நடித்த ஜெயப்ரியா நெரவியிலிருந்து வருகிற பெண். முகம் அருமையாக நடித்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தொழில், ஆட்டோவில் போய் ஜவுளிக்கடை விளம்பரம் பேசுவது. "உங்க முகத்தைப் பாத்ததும் என் துன்பமெல்லாம் பனி போல வெலகிப் போச்சு" என்ற என் வசனத்தை அவர் சொன்னால், அடுத்த வரியில் ஆடித் தள்ளுபடி வந்துவிடுமோ என்று இருந்தது. குரலை மட்டும் வேறு ஆளை வைத்து எடுக்கலாம் என்றார் முகிலன். முகம் தெரியாது, குரல்தானே என்று கெஞ்சிக் கூத்தாடி ஆஸியாவைச் சம்மதிக்க வைத்தேன்.

படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்தி, உச்சி வெயிலில் அவளை உட்கார வைத்தோம். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். மச்சான், இருபத்திரண்டு வருஷம் அவள் குரலைப் போனில் கேட்டவன் நான். ஆனால் அன்றைக்குத்தான் அவள் பேசுவதற்கு முன்னால் மூச்சு இழுப்பதையெல்லாம் கேட்டேன். அதைக் கேட்டு உருகியிருக்க வேண்டும். டைரக்டர் அல்லவா, "இன்னும் ஃபீலிங் வேணும்" என்றேன். ஒன்பது முறை சொல்ல வைத்தேன். வேர்வை அவள் முகத்தில் வழிந்து காகிதத்தில் சொட்டியது. நஜீபா, "போதும் அத்தா, உம்மா பாவம்" என்றாள். அவளை வெளியே போகச் சொன்னேன்.

பத்தாவது டேக். ஆஸியா காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மைக்கைப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்: "வந்துட்டீங்களா. எப்ப போவணும்?"

"கட். அது வசனத்துல இல்லையே" என்றேன்.

"நீங்க வந்த ஒவ்வொரு தடவையும் நான் இதத்தான் கேட்டேன்."

"நீயா? எப்ப கேட்ட?"

"வாசல்லயே கேட்டேன். நீங்க பெட்டியப் பிரிச்சுக்கிட்டு இருப்பீங்க."

பத்து தடவை வந்திருக்கிறேன், மச்சான். பத்து தடவையும் பெட்டியைப் பிரித்தது நினைவிருக்கிறது. யாருக்கு என்ன கொடுத்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது. இந்தக் கேள்வி ஒரு தடவையும் காதில் விழுந்ததாக நினைவில்லை. அந்த நிமிஷம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் போதும். நான் சொன்னது இது: "படம் பாக்குறவங்களுக்கு அது ஒரு மாதிரி இருக்கும், ஆஸியா. எழுதினதையே சொல்லு."

சொன்னாள். ஒரு எழுத்து பிசகாமல், துன்பம், பனி, எல்லாம் சொன்னாள். முகிலன் "சூப்பர்" என்றார். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து இன்றுவரை ஒன்பது நாள். உங்கள் தங்கை என்னிடம் கோபப்படவில்லை, பேசாமலும் இல்லை. ஆனால் எழுதிவைத்த வசனம் மாதிரிதான் பேசுகிறாள். "தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது." "தாங்கள் கேட்ட சட்டை அலமாரியில் உள்ளது." நேற்று எனக்குத் தும்மல் வந்தது. "உடல்நலத்தில் கவனம் தேவை" என்றாள். நஜீபா முதலில் சிரித்தாள், இப்போது அவளும் சிரிப்பதில்லை. சண்டை போட்டால் சமாதானம் செய்யலாம். செந்தமிழில் பேசுகிறவளை என்ன செய்ய?

படம் போன ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் போட்டார்கள். அவளும் வந்தாள். அந்த வசனம் வந்தது. பின்வரிசையில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. கேலிச் சிரிப்புகூட இல்லை, சமையலில் உப்புப் போட மறந்தவனைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி. நம் ஊரில் எத்தனை வாசலில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாதா என்ன சொன்னோம் என்று. ஆஸியா மட்டும் சிரிக்கவில்லை. தலை முட்டாக்கைச் சரிசெய்துகொண்டாள். படத்துக்கு ஆறுதல் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பத்தாவது டேக்கை முகிலன் அழிக்கவில்லை. கேட்டு வாங்கி மொபைலில் வைத்திருக்கிறேன். ஐந்து செகண்டுதான். கடற்கரைக்கு நடக்கப் போகும்போது கேட்கிறேன். கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: போகவே வேண்டாம், வந்துவிட்டேன். கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே மச்சான், பெரியவர் நீங்கள், உங்கள் வார்த்தையை அவள் தட்டமாட்டாள். அவளுக்கு அண்ணனாக, நானாவாக ஒரு போன் போட்டு, அவன் அறியாமல் செய்துவிட்டான், மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். டைரக்ஷன் பக்கம் இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்று நிய்யத் வைத்துவிட்டேன். கேமரா என்ற பொருள் நம் வீட்டுப் படி ஏறாது. இன்னொன்று. நீங்கள் டிசம்பரில் வருகிறீர்கள். வாசலில் என் அக்கா, அதாவது உங்கள் வீட்டம்மா, ஏதாவது கேட்டால், தயவுசெய்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். உங்களுக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் யாரென்று தெரியாது, எனக்கு எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். அதற்கு நன்றி சொன்னதுபோலவே இதையும் உரிமையோடு சொல்கிறேன்.

தங்கள் ஆயுளுக்கும் ஆரோக்கியத்துக்கும் ரப்பிடம் கையேந்துகிறேன். நஜீபா மாமாவுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தவறு செய்த மச்சினன்
காஜா நஜ்முதீன்

பின்குறிப்பு (வெள்ளி மாலை): மேலே கேட்டதை எல்லாம் விட்டுவிடுங்கள், போன் வேண்டாம். உறையை ஒட்டாமல் மேசையில் வைத்திருந்தேன், ஆஸியா படித்துவிட்டாள். "நானாவுக்கு எதுக்கு இதெல்லாம், எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே" என்றாள். பத்து நாளில் முதல் முறையாக நம் ஊர்ப் பேச்சு. பிறகு முகிலனைக் கூப்பிட்டுக் கேமராவோடு வரச் சொல்லிவிட்டாள். "வர்றத எடுத்தீங்க. போறத யாரு எடுப்பா?" என்கிறாள். அவள்தான் டைரக்டர். சுப்ராயன் வேண்டாமாம், நானே நடிக்க வேண்டுமாம். வாசலிலிருந்து கார்வரை நடந்துபோய் ஏற வேண்டும், அவ்வளவுதான் காட்சி. ஜும்ஆ முடிந்து வந்ததிலிருந்து நடக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் 'கட்' சொல்லிவிடுகிறாள். "திரும்பிப் பாக்குறீங்க. நீங்க அப்படிப் பாத்ததே இல்ல" என்கிறாள். எத்தனை முயன்றாலும் கழுத்து திரும்பிவிடுகிறது, மச்சான்.