அலுமாரி எந்தச் சுவருக்கு?

போன மாரியில் என் பெண்சாதி ஜெமீலாவுக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன். பத்து நாள் நானும் அங்கேயே நின்றேன். வீட்டில் நாலு ஆடு. திரும்பி வரும்போது மெலிந்து கிடக்கும் என்று நினைத்தேன். அவை என்னைவிடக் கொழுத்து நின்றன. யார் குழை வெட்டிப் போட்டது என்று தெருவெல்லாம் கேட்டேன், ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. பக்கத்து வளவு மஹ்றூப் நானா சைக்கிளில் போனபோது நாலு ஆடும் வேலியோடு வேலியாக அவருக்குப் பின்னால் ஓடினதைக் கண்டபிறகுதான் விளங்கியது. அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுக்கட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிட்டேன். இனி மிச்சத்தைச் சொல்லலாம்.

மஹ்றூப் நானா ஒரு ஆள் இல்லை, ஒரு வகை. உங்கள் ஊரிலும் இருப்பார். நீங்கள் வீடு விற்கப் போகிறீர்கள் என்ற கதை வாயிலிருந்து வெளிக்கிட்டு ஒழுங்கை முனைக்குப் போகுமுன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உங்கள் வாசலில் நின்று, உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு உங்களைப் பாராமல் உங்கள் கதிரையைப் பார்க்கிறவர் யாரோ, அவர்தான். தரகர் இல்லை. ஒரு தேத்தண்ணிக்கு மேல் ஒன்றும் எடுக்கமாட்டார். கதிரை இழுப்பதற்காகவே பிறந்தவர்.

அவருக்கு ஒரேயொரு சட்டம். "ஒண்டும் வாங்கத் தேவையில்லை. இருக்கிற சாமானை வச்சே வீட்டை மாளிகை ஆக்கலாம்." இதை எங்கே படித்தார்? போனில் பார்த்தாராம். வெளிநாட்டில் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களாம். சரி, அவருடைய சொந்த வீடு எப்படி? நெல்லு மூட்டைக்கு மேல் கதிரை, கதிரைக்கு மேல் உடுப்பு, உடுப்புக்கு மேல் பூனை. அதைக் கேட்டால், "நான் விக்கயில்லையே" என்பார்.

எங்களுக்கு விற்கத்தான் வேண்டியிருந்தது. வவுனியாவில் படிப்பிக்கிற மகள் ஸஹ்றாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். உம்மா பக்கத்தில் இருந்தால்தான் அவள் வேலைக்குத் திரும்பலாம். அவளுக்கு ரெண்டு வீடு தள்ளி எங்களுக்கு அளவாய் ஒரு சின்ன வீடு கிடைத்தது. நோன்பு பிடிக்கும்வரை வைத்திருக்கிறேன், அதற்குமேல் ஏலாது என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நோன்புக்கு இன்னும் பதினெட்டு நாள். எங்கள் வீட்டைக் கேட்டு வந்ததோ ஒரேயொரு ஆள், புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கும் றிஃபாத். சனிக்கிழமை பெண்சாதியோடு வருகிறேன் என்றார்.

வியாழக்கிழமையே மஹ்றூப் நானா வந்துவிட்டார்.

வாசலில் நின்று ஒற்றைக் கண்ணை மூடினார். பிறகு மற்றக் கண்ணை மூடினார். பிறகு "ம்" என்றார். அந்த "ம்" கேட்டால் வீட்டுக்காரன் கதிரையை விட்டு எழும்பவேண்டியதுதான். ஆறு பிளாஸ்டிக் கதிரையில் ஒரே நிறத்தில் இருந்த நாலும் ஹோலில் நின்றன. சிவப்பு ரெண்டும் ஆட்டுக் கொட்டிலுக்குப் போயின. தையல் மெசினுக்கு மேல் சீலை விரித்தார், அது மேசை ஆனது. கட்டிலை இழுத்து, சீமெந்து பெயர்ந்த இடத்துக்கு மேல் விட்டார். அவர் கண்ணுக்குப் பிடிக்காத சாமான் முழுவதையும் பின்னறைக்குள் திணித்துப் பூட்டி, திறப்பைத் தன் மடியில் செருகிக்கொண்டார். கடைசியில் ஹோலில் இருந்த பிரிஜ்ஜில் கை வைத்தார்.

"நானா, அது மட்டும் வேணாம்," என்றாள் ஜெமீலா.

"குசினிச் சாமான் குசினிக்குள்ள நிக்கோணும் தங்கச்சி."

"குசினிக்குள்ள வச்சா எங்களிட்டப் பிரிஜ் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

பிரிஜ் போய்விட்டது. ஜெமீலா அன்றிலிருந்து அவருக்குச் சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தாள்.

மிஞ்சியது மேற்குச் சுவர். மாரிமழைக்கு ஊறி ஊறிப் பச்சை பிடித்து, நடுவில் விரல் போகிற வெடிப்பு. அதை மறைத்துக் கண்ணாடி அலுமாரியை நிறுத்தினார். "பார் தம்பி, சுவரும் மறைஞ்சுது, கண்ணாடியில ஹோலும் ரெண்டாச்சு."

"நானா, விக்கிற சாமான்ர பழுதை மறைக்கிறது மார்க்கத்தில கூடுமோ?"

"நாங்க பொய் சொல்லயில்லையே. கேட்டா உண்மையைச் சொல்லுவம். அலுமாரி எங்கயாவது நிக்கத்தானே வேணும்?"

அலுமாரி அங்கேயே நின்றது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை றிஃபாத்தும் பெண்சாதி ஸஹீலாவும் வந்தார்கள். மஹ்றூப் நானா முன்னுக்கு நடந்து, "இதால வாங்கோ, அங்க நிக்காதேங்கோ, இங்க நிண்டு பாருங்கோ" என்று காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஆண்கள் பள்ளிக்கு வெளிக்கிட்டோம். ஸஹீலா சொன்னா:

"நானும் இங்க தொழுதிட்டு இருக்கிறன். முஸல்லா போட ஒரு இடம் காட்டுங்கோ ராத்தா."

மஹ்றூப் நானா எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவர், தொழும்போது திரும்புகிற கிப்லாத் திசையை மறந்துபோனார். ஒரு அறைக்குப் பூட்டு. மற்ற அறையில் நட்டநடுவே கட்டில். மிஞ்சினது ஹோல். ஹோலில் மேற்கே திரும்பினால் எதிரே ஆளுயரக் கண்ணாடி.

"கண்ணாடியில என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்பிடித் தொழுறது? இதைக் கொஞ்சம் தள்ளலாமோ?"

"சீலை போட்டு மூடலாம்," என்றார் மஹ்றூப் நானா. கையில் சீலையே இருந்தது. தையல் மெசினிலிருந்து உருவிவிட்டார். மூடியிருந்தால் எல்லாம் சரிவந்திருக்கும். வீடும் விலை போயிருக்கும், என் நித்திரையும் போயிருக்கும். நான் அவருடைய முகத்தைப் பாராமல் அலுமாரிக்குத் தோளைக் கொடுத்தேன்.

சுவர் வெளியே வந்தது. வெடிப்புக்குள்ளிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் றிஃபாத் எங்களை விட்டு முன்னால் நடந்தார். மஹ்றூப் நானா என் காதுக்குள், "ஒரு சீலை தம்பி, ஒரு சீலை" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அன்று நான் கேட்ட துஆ நீளம். ஸஹ்றாவின் ரெண்டு பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கேட்டேன்.

திரும்பி வந்தால் ஸஹீலா அந்தச் சுவரை விரலால் தட்டிக்கொண்டு நின்றா.

"இந்தச் சுவர் மட்டும்தானோ நானா?"

"கட்டிலுக்குக் கீழ கொஞ்சம் சீமெந்து பெயர்ந்திருக்கு. வேற ஒண்டுமில்லை," என்றேன் நான்.

அவ புருசனைப் பார்த்தா. "இதையே எடுப்பம். முதல் பார்த்த மூண்டு வீட்டிலயும் அலுமாரியைத் தொடவே விடயில்லை. உடையார்கட்டில ஒண்டு, முள்ளியவளையில ரெண்டு. மூண்டிலயும் கண்ணாடி அலுமாரி, மூண்டிலயும் ஒரே மாதிரி நாலு கதிரை. ஆர்தான் இப்பிடிச் சொல்லிக் குடுக்கிறாங்களோ தெரியாது."

மஹ்றூப் நானா கூரையில் எதையோ தேடினார்.

பூசுகிற செலவைக் கழித்துப் பேசி முடித்தோம். போகும்போது ஸஹீலா, "ராத்தா, பிரிஜ்ஜை ஏன் குசினிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறீங்க? ஹோலில வச்சா என்ன வடிவு" என்றா. ஜெமீலா அன்றுதான் மஹ்றூப் நானாவுக்கு மறுபடி சீனி போட்டாள். மூன்று கரண்டி.

அவர் தோற்றுப்போனார் என்று நினைக்கிறீர்களா? இந்த வகை தோற்காது. பின்னேரமே தெருவில் சொல்லிக்கொண்டு நின்றார்: "அலுமாரியை அந்தச் சுவரில நான் நிறுத்தினபடியாத்தானே அதைத் தள்ள முடிஞ்சுது. தள்ளினபடியாத்தானே வீடு வித்துது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் பூச்சாடியை ஒரு விரற்கடை தள்ளி வைத்துவிட்டுத்தானே உட்கார்ந்தீர்கள்? உங்கள் வீட்டுக் கலண்டர் தொங்குவது ஆணி இருந்த இடத்திலா, ஓட்டை இருந்த இடத்திலா? எனக்குச் சொல்ல வேண்டாம். எழும்பிப்போய் ஒருக்கால் தூக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நோன்புக்கு நாலு நாள் முன்னம் வெளிக்கிட்டோம். சாமான் லொறி முன்னால் போய்விட்டது. மருமகன் அனுப்பின வான் வண்டியின் பின்சீற்றில் நான் ஒரு மூலை, ஜெமீலா மற்ற மூலை, நடுவில் பாய்ச்சுருள். ரெண்டு பேரும் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மஹ்றூப் நானா கிட்ட வந்து, யன்னலால் உள்ளே பார்த்து, ஒற்றைக் கண்ணை மூடினார்.

"அந்தப் பாயை எடுத்துக் காலடியில போடு தம்பி. ரெண்டு பேரும் நெருங்கி இருங்கோ. இப்பிடித் தள்ளித் தள்ளி இருந்தா, பார்க்கிறவைக்குக் கவலையோட போறமாதிரித் தெரியும்."