பதினொரு வினாடி

சமயப் பேராசிரியர் என்றொரு இனம் உண்டு. தெற்காசியச் சமயமும் பண்பாடும் என்று கதவில் பலகை மாட்டியிருக்கும். சாமி கும்பிடுகிறவர்களோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சாமி வந்தால் அவர்கள் கண்ணை மூடுவார்கள்; இவர் குறிப்பேட்டைத் திறப்பார். அடையாளம் காண்பது எளிது. உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார், நீங்கள் வாயைத் திறப்பதற்குள் வலது கையைத் தூக்கி உள்ளங்கையை உங்கள் மூக்குக்கு நேரே காட்டுவார், பிறகு பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

நம்பிக்கை வரவில்லையா? அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர ஒரு பெண் வந்தாள். அதிகம் பேசாதவள், இரண்டு மொழியில் படித்தவள். நேர்காணல் நடந்தது நடந்தபடி இது:

"உக்காரும்மா. ரெண்டு மொழியில படிச்சிருக்கே. எந்த மொழியில யோசிக்கிறே?"

"நான் வந்து..."

கை உயர்ந்தது. "ரெண்டுலயும்தான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும் பாரு, ஆய்வு அங்கதான் ஒளிஞ்சிருக்கு. சரி, எதுக்காக இந்தத் துறைக்கு வந்தே?"

"எங்க சித்தி..."

கை. "குடும்பம். எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு எங்க மாமா. என் முதல் புத்தகத்தைப் படிச்சியா?"

"ம்."

"எது பிடிச்சுது? மூணாவது அத்தியாயம்தானே?"

"ம்."

"பலே! ரொம்பத் தெளிவாப் பேசுறே. திங்கட்கிழமையே வந்து சேர்ந்துக்கோ."

அவள் பேசியது நாலு சொல்லும் இரண்டு முனகலும். வீட்டுக்குப் போனதும் சித்தி விசாரித்தாள். "என்னடி கேட்டாரு?"

"நிறைய கேட்டாரு சித்தி. அவரே பதிலும் சொல்லிட்டாரு."

"அப்போ பாஸானது நீயா, அவரா?"

சித்தி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதைப் பேராசிரியரிடம் யார் கேட்பது?

அவருடைய வாழ்க்கை வரலாறு சின்னது. அவருடைய நூற்பட்டியல்தான் நீளம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், தலையில் முடியும் தோளில் ஒலிப்பதிவுப் பெட்டியுமாக ஒரு பாட்டுக்காரம்மாவைத் தேடிப் போனார். தாய்த்தெய்வம் ஒன்று ஊர் ஊராக நடந்து வந்து கடைசியில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிற பாட்டு அது. தெய்வம் வாசலுக்கு வந்த இடத்தில் பாட்டுக்காரம்மா சட்டென்று நிறுத்திவிட்டாள். பதினொரு வினாடி. அப்புறம் விட்ட இடத்திலிருந்து பாடினாள். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பதினொரு வினாடியிலிருந்து முனைவர் பட்டம் வந்தது. 'தெய்வம் வந்ததும் மொழி பின்வாங்குகிறது' என்று அடித்துச் சொன்ன முதல் புத்தகம் வந்தது. முதல் புத்தகத்தை மறுத்தவர்களை மறுத்து இரண்டாவது புத்தகமும், இரண்டாவதை மறுக்காமல் விட்டவர்களைக் கண்டித்து மூன்றாவதும் வந்தன. வேலை, பதவி உயர்வு, மாநாட்டுக்கு மாநாடு விமானம், கழுத்துக்கு மாலை, கடைசியில் இந்த அறையும் இந்தச் சுழல் நாற்காலியும் வந்தன. அதே துறையில் எதிர் அறைக்காரர் அந்தப் பதினொரு வினாடியை மௌனம் அல்ல, துக்கம் என்று எழுதினார். மாடி அறைக்காரர் பதினொன்று அல்ல, பத்தரை என்று அளந்து எழுதினார். மூவரும் பல வருஷமாக ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. மௌனத்தைப் பற்றித்தான் சண்டை என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அவர் மனைவியிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வாள். "வீட்டுல நான் பேசாம இருந்தா அது மௌனம் இல்லம்மா, கோவம். இத்தனை வருஷ ஆராய்ச்சியில அந்த ஒண்ணு மட்டும் அவருக்குப் பிடிபடல."

அவர் களத்தில் இருந்தது ஒன்பது நாள். முதல் புத்தகத்தில் ஒன்பது நாள் என்றுதான் இருக்கிறது. இரண்டாவதில் அது 'ஒரு பருவம்' ஆனது. மூன்றாவதில் 'அந்த மக்களோடு நான் வாழ்ந்த காலம்.' இன்னொரு புத்தகம் எழுதியிருந்தால் அங்கேயே பிறந்திருப்பார். பிறர் பேசும் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார். முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து, "இது கேள்வி இல்ல, ஒரு சின்னக் கருத்து" என்பார். சின்னக் கருத்து முடிவதற்குள் வெளியே வைத்த தேநீர் ஆடை கட்டிவிடும்.

இப்படி ஓடிய வண்டி ஓய்வு பெறும் நாளுக்கு வந்து சேர்ந்தது. பெரிய விழா ஏற்பாடாயிற்று. காலமாகிவிட்ட பாட்டுக்காரம்மாவின் மருமகள் வந்து பாடுவாள். புகழ்பெற்ற அந்தப் பதினொரு வினாடியை மூல நாடாவிலிருந்தே அரங்கத்தில் ஒலிக்கவிடுவார்கள். பிறகு எல்லா நாடாக்களும் உலகத்தில் எவரும் கேட்கும்படி கணினியில் ஏற்றப்படும். காதில் விழுவதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, அடியில் கையெழுத்துப் போடுகிற வேலை யாருக்கு? மூன்று வருஷமாக 'ம்' சொல்லிக்கொண்டிருந்த நம் பெண்ணுக்குத்தான்.

அவளுடைய ஆய்வேடும் அதே வாரம் அவருடைய கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதில் மூன்றாவது அத்தியாயம் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? அதேதான். பதினொரு வினாடியைப் பற்றி நாற்பத்திரண்டு பக்கம்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூல நாடாவை ஓடவிட்டாள். தெய்வம் வாசலுக்கு வந்தது. பாட்டு நின்றது. பதினொரு வினாடி. 'டக்'கென்று நாடா முடிந்தது. திருப்பிப் போட்டாள்.

"ம், இப்பப் பாடுங்கம்மா." ஒரு வாலிபக் குரல்.

"ஏன் தம்பி திடீர்னு கையைத் தூக்கினே? பூச்சி கீச்சி வந்துடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்."

"நாடா முடியப்போகுதுன்னு காட்டினேம்மா."

"அதை வாயைத் திறந்து சொன்னா என்ன? பாரு, சாமி வாசல்லயே நிக்குது. எந்த வரியில விட்டேன்?" பாட்டுக்காரம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் பாடினாள்.

நம் பெண் நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் அதையேதான் சொன்னார்கள். நாடாவின் இரண்டு பக்கத்தையும் ஒட்டிப் பிரதி எடுத்த ஒலிப்பதிவுக்காரர், நடுவில் இருந்த வெட்டிப் பேச்சை நறுக்கிவிட்டிருக்கிறார். மூன்று புத்தகமும் மூன்று சண்டையும் அந்தப் பிரதியை வைத்துத்தான். பேராசிரியர் பொய் சொன்னாரா? இல்லவே இல்லை. உலகமே கேட்ட மௌனத்தை அவரும் கேட்டார். தன் கையை மட்டும் மறந்துபோனார். ஓயாமல் ஆடுகிற கையை எவன் நினைவு வைத்துக்கொள்கிறான்?

அந்த நேரம் பார்த்து மருமகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "விழாவுக்குக் கிளம்பிட்டே இருக்கோம்மா. ஒரு சந்தேகம். நடுவுல நிறுத்துறோம்ல, பதினொண்ணு போதுமா? விழாங்கறதால பதினஞ்சா வச்சுக்கலாமா?"

"அக்கா, உங்க மாமியார் அந்த இடத்துல நிறுத்துவாங்களா?"

"அவங்களா? மூச்சு வாங்கக்கூட நிறுத்தமாட்டாங்க! நாங்களும் அப்படித்தான் பாடிட்டு இருந்தோம். வருஷா வருஷம் உங்க பிள்ளைங்க கடிகாரமும் கையுமா வருவாங்க. நிறுத்தலேன்னா முகம் வாடிப்போயிடும். பாவம், எங்கேருந்தோ வர்ற பிள்ளைங்க, வெறுங்கையோட அனுப்பலாமா? இப்ப எங்களுக்கே பழகிடுச்சு. நிறுத்தலேன்னா சாமிக்கு என்னமோ குறை வச்ச மாதிரி இருக்கு."

"பதினொண்ணே போதும்க்கா" என்றாள் அவள்.

இனி என்ன செய்வது? 'பதினொரு வினாடி மௌனம்' என்று தட்டச்சு செய்துவிட்டு அந்த நாலைந்து வரியை விட்டுவிட்டால் பட்டம் கையில். எழுதினால் அவருடைய முப்பத்தொரு வருஷமும் போச்சு, அவளுடைய நாற்பத்திரண்டு பக்கமும் போச்சு. நாடாக்கள் கணினியில் ஏறினாலும் இதைத் தேடிக் கேட்டுப் பிடிக்கப்போவது யார்? ஆனால் அடியில் இருப்பது அவள் கையெழுத்து. வாய் பேசாதவர்களிடம் இதுதான் ஆபத்து, அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். சிரிப்பு உட்பட எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை பேராசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. மேஜையில் அந்தத் தாள்.

"என்னம்மா இது?"

"சார்..."

கை உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. யாரோ மறந்து விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல் அவர் அதைப் பார்த்தார். மெல்ல இறக்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "சொல்லு" என்றார்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் முழு வாக்கியம் பேசினாள். "அது உங்க குரல்தான் சார். நாலு தடவை கேட்டுட்டேன். என் மூணாவது அத்தியாயமும் போச்சு சார்."

அவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நாடாவைக் கேட்டார். முடிந்த பிறகும் கழற்றவில்லை. அறையில் சத்தமே இல்லை. எத்தனை வினாடி என்று அவள் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அவளுக்கும் ஒரு புத்தகம் தேறியிருக்கும்.

"எப்படிச் சிரிக்கிறாங்க பாரேன்" என்றார் கடைசியில். "இந்தச் சிரிப்பை நான் சுத்தமா மறந்துட்டேம்மா."

கதை இங்கே முடிந்திருந்தால் அவரை மனிதர் என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் இனம் இனம்தானே? ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்தார், எதையோ எழுதினார், கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "'ஆய்வாளனின் கை'. தலைப்பு எப்படி? நாலாவது புத்தகம். எதிர் அறைக்காரன் துக்கம்னானே, இப்ப அழட்டும்!" ஆய்வேட்டில் கையெழுத்தும் போட்டார். மூன்றாவது அத்தியாயத்தைத் திருத்தி எழுத ஆறு வாரம் கொடுத்தார். "நாடாவுல இருக்கறதை இருக்கிறபடியே போடு. யாரு கைன்னும் போட்டுடு" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டில் யாரோ எதையோ சொல்ல வந்தபோது, "தெரியும் தெரியும், மேல சொல்லு" என்றது யார்? இதைப் படிக்கிறபோதே, "எனக்கும் இப்படி ஒரு ஆளைத் தெரியும்" என்று பக்கத்திலிருப்பவரை மறித்துச் சொல்ல வாயெடுத்தீர்கள் அல்லவா? அவர் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாரா? உங்கள் வலது கை இப்போது எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

அவளும் அன்று தன் கையைப் பார்த்துக்கொண்டேதான் அறையைவிட்டு வெளியே வந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் அவர் கூப்பிட்டார்.

"ஒரு உதவி செய்வியாம்மா? விழாவுல எனக்கு ஏழு நிமிஷம் குடுத்திருக்காங்க. நானா நிறுத்தமாட்டேன், உனக்கே தெரியும். நீ முன்வரிசையில உக்காந்துக்கோ. ஏழாவது நிமிஷம் கையைத் தூக்கு. எதுக்குன்னு கேக்காம நிறுத்திடுறேன். அந்தம்மா நிறுத்தினாங்க இல்ல?"