பாண்டிய மன்னனின் என்.ஓ.சி

வளைகுடாவில், அல் குசைஸ் பகுதியில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நாடு போற்றும் கலைஞன் ஆகிவிடுவது என்று வீரபாண்டி முடிவெடுத்தான். பத்தே காலுக்கு அதை மனைவிக்கு அறிவித்தான்.

"நாகு, அரசாங்கம் மானியம் குடுக்குதாம்."

"உரத்துக்கா?"

"அது ஊர்ல. இங்க கலைக்கு. கலாசாரத் துறை குடுக்குது. எந்த நாட்டுக்காரனும் மனு போடலாம். நாடகமோ படமோ, நல்லா இருந்தா செலவு அவங்களோடது."

"உங்களுக்கும் கலைக்கும் என்னங்க சம்பந்தம்?"

இதைக் கேட்டபோது நாகஜோதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்தது என்னவோ வீரபாண்டிக்கு.

சம்பந்தம் இல்லாமலா? அருப்புக்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, பள்ளி ஆண்டு விழாவில் வாயிற்காவலனாக நின்று, "மன்னா, புலவர் வந்திருக்கிறார்" என்று கணீரென்று சொன்னவன் அவன். ஒரே ஒரு வரி. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் ஓடிப்போச்சு. இப்போது ஏசி உதிரிபாகக் குடோனில் ஸ்டோர் கீப்பர். பகலெல்லாம் கம்ப்ரசர் எண்ணுகிறவன்தான். ஆனாலும் அந்த வரி நெஞ்சுக்குள் அடங்கவே இல்லை. காவலனாக நின்றவன் ஒரு தரமாவது மன்னனாக நிற்க வேண்டும், நாலு பேர் எழுந்து கைதட்ட வேண்டும். அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

"நாடகத்துக்குப் பேரு 'பாலைவனத்தில் பாண்டியன்'. பாண்டிய நாட்டு முத்தைத் தூக்கிக்கிட்டு ராஜா இங்க வர்றாரு. இந்த ஊர்க்காரங்க முத்தைப் பாக்குறாரு. நாப்பது நடிகர். மூணு அரண்மனை. ஒரு யானை."

"யானைக்கு விசா?"

"நான் ஸ்பான்சர் பண்றேன்."

"அப்ப எனக்கும் யானைக்கும் ஒரே கஃபீலு."

வீரபாண்டிக்கு இது கிண்டலாகவே தோன்றவில்லை, பட்டம் சூட்டியதுபோல இருந்தது. கம்பெனியில் அவன் பாத்ரூம் போவதைத் தவிர எல்லாவற்றுக்கும் என்.ஓ.சி வேண்டும். 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று மேலே உள்ளவர்கள் எழுதித் தரும் அந்த ஒற்றைத் தாளுக்காக அவன் வாசல் வாசலாக நின்றிருக்கிறான். வீட்டில் மட்டும்தான் தலைகீழ். நாகஜோதியின் விசா அவன் பெயரில்; அவளுக்குக் கஃபீல், அதாவது ஸ்பான்சர், அவன்தான். அவள் டிரைவிங் கிளாஸில் சேர்வதென்றாலும் அவன் என்.ஓ.சி கொடுக்க வேண்டும். அவள் நீட்டும் எந்தத் தாளையும் அவன் படித்ததில்லை. படித்துவிட்டுப் போட்டால் கம்பீரம் குறைந்துவிடும் என்று நினைப்பு. பெரிதாக ஒரு கையெழுத்து, அதற்குக் கீழே இரண்டு கோடு, இரண்டு புள்ளி. அத்தோடு தர்பார் கலையும்.

மனு பதினெட்டுப் பக்கம் இருந்தது. அதைப் பார்த்து வீரபாண்டி மலைத்துப்போனான். இப்படியெல்லாம் மரியாதையாக அவனை இதுவரை யாரும் விசாரித்ததில்லை. 'தங்கள் கலைப் பயணத்தை விவரிக்கவும்' என்று ஒரு முழுப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். தெருமுனையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் கௌஸ் முகைதீன் அதை நிரப்ப உட்கார்ந்தார். கீழக்கரைக்காரர். ஆயிரக்கணக்கில் விசா மனு அடித்த விரல்.

"கலை அனுபவம் எத்தனை வருஷம் தம்பி?"

"இருபத்தாறு, பாய்."

"எத்தனை மேடை?"

"ஒண்ணு."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஈமெயில்?"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு. நாகுவோடதைப் போடுங்க. அவ போன் எப்பவும் கையிலதான் இருக்கும்."

மூன்று நிமிட வீடியோ ஒன்றும் இணைக்க வேண்டுமாம். எடுக்கும் வேலையை நாகஜோதி தானாகவே ஏற்றுக்கொண்டதில் வீரபாண்டிக்குப் பாதி மானியம் கிடைத்த மாதிரி இருந்தது. குளியல் துண்டு கிரீடமானது. சப்பாத்திக் கட்டை செங்கோலானது. இருபது லிட்டர் தண்ணீர் கேன் யானையானது. அதன்மேல் உட்கார்ந்து அவன் முழங்கியதில் கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினார்.

"லைட் பத்தல. இன்னொரு தடவை," என்பாள் நாகஜோதி. ஜன்னல் திரையை ஒரு விரற்கடை நகர்த்துவாள். வீரபாண்டியின் முகத்தில் வெயில் வந்து விழும். தன் மூக்குக்கு இத்தனை அழகு உண்டென்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

"இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?"

"நீங்க டூட்டிக்குப் போனா பத்து மணி நேரம் நான் என்ன பண்றேன்னு நினைச்சீங்க? போன்ல பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். அதை விடுங்க. நீங்க ஏன் மன்னனா நிக்கணும்?"

"காவலனா நின்னவனை யாரும் பாக்கலைடி. எல்லாரும் புலவரைத்தான் பாத்தாங்க."

அவள் போனை இறக்கவில்லை. அவன் மனுவுக்கு விரல் விட்டு வருஷம் எண்ணியதை எடுத்தாள். மனுவை நெஞ்சில் போட்டுக்கொண்டு மத்தியானம் குறட்டை விட்டதையும் எடுத்தாள்.

"இது எதுக்கு?" என்றான் விழித்துக்கொண்டவன்.

"மேக்கிங்."

பெரிய படங்களுக்கெல்லாம், எடுத்த விதத்தைக் காட்டும் மேக்கிங் உண்டு. வீரபாண்டி புல்லரித்துப்போய் மறுபடி தூங்கினான். எழுந்ததும் அவள் ஒரு தாளை நீட்டினாள்.

"ஒரு என்.ஓ.சி. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"மன்னன் படிக்க மாட்டான் நாகு. போடுவான்."

கையெழுத்தும் கோடும் புள்ளியும் கம்பீரமாக விழுந்தன.

மார்ச் மாதம் ஒரு காலையில் நாகஜோதி குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் போன் சிணுங்கியது. கலாசாரத் துறை. 'வாழ்த்துகள், தங்கள் மனு ஏற்கப்பட்டது.' அதற்கு மேல் ஒரு வரியும் வீரபாண்டி படிக்கவில்லை. வழியில் இரண்டு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு டூட்டிக்கு ஓடினான். குடோனில் அவனை ஏசி பெட்டிமேல் உட்காரவைத்துப் பொன்னாடைக்குப் பதில் பார்சல் சுற்றும் பபிள் ஷீட் போர்த்தினார்கள். அவனை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காத மேனேஜரே வந்து கைகுலுக்கினார்.

சாயங்காலம் வந்து மெயிலை முழுசாகப் படித்தான். பெயர் இருந்த இடத்தில் நாகஜோதி என்று இருந்தது. எடுத்தான் ஓட்டம் டைப்பிங் சென்டருக்கு.

"பாய், பேரை மாத்தி அடிச்சிட்டீங்களே. ஈமெயிலைத்தான் போடச் சொன்னேன், பேரையுமா போடச் சொன்னேன்?"

கௌஸ் முகைதீன் நிதானமாகக் கம்ப்யூட்டரைத் தட்டினார். "மாத்தி அடிக்கல தம்பி. ரெண்டு மனு போச்சு. உங்களுது ஒண்ணு, தங்கச்சியுது ஒண்ணு. உங்களுதுக்கும் நேத்தே பதில் வந்திருக்கு, பாக்கலையா? ரொம்பப் பணிவாத்தான் எழுதியிருக்காங்க. யானைக்கு வழியில்லையாம்."

"யாரைக் கேட்டு அவ மனு போட்டா?"

பாய் ஒரு தாளை எடுத்துப் போட்டார். கையெழுத்து. இரண்டு கோடு. இரண்டு புள்ளி. 'என் மனைவி இம்மனு அளிப்பதிலும், அதற்காக என்னைப் படம் எடுப்பதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.'

"என்னையவா?"

"படத்துக்குப் பேரே 'மனு'தான். ஒருத்தர் அரசாங்கத்துக்கு மனு போடுறாரு. அதான் கதை."

வீட்டில் பெரிய சண்டை நடந்தது. சண்டை போட்டது வீரபாண்டி மட்டும்தான்.

"என்னைக் கேக்காம என்னையே படம் எடுத்திருக்க."

"கேட்டேங்க. எழுதியே கேட்டேன். படிங்கன்னும் சொன்னேன்."

குடோனில் தின்று தீர்த்த இரண்டு கிலோ அல்வாவுக்கு இனி யார் பொறுப்பு என்று கத்தினான். அந்த வீடியோவைக் கலாசாரத் துறை விழாவில் திரையிடுகிறார்களாம்; வர மாட்டேன் என்றான். விழா அன்றைக்கு முதலில் சட்டையை இஸ்திரி போட்டவனும் அவன்தான்.

விழா மண்டபத்தைப் பார்த்ததும் கோபம் வாசலிலேயே நின்றுவிட்டது. அப்படி ஒரு இடத்தில் அவன் கால் வைத்ததே இல்லை. அகில் கட்டை புகையும் ஊது வாசனை. கண்ணாடிக் கூரை. ஏசி ஓடும் சத்தமே இல்லை, அந்தத் தொழில் தெரிந்தவனுக்கு அதுவே பெரிய ஆச்சரியம். பேரீச்சம்பழமும் கஹ்வா காப்பியும் தேடி வந்தன. பிறகு விளக்குகள் அணைந்து திரையில் அவன் முகம் வந்தது. ஒரு லாரி அகலத்துக்கு.

தண்ணீர் கேன் யானைக்கு மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சப்பாத்திக் கட்டைக்கு இன்னொரு தடவை. வீரபாண்டி நாற்காலிக்குள் சுருங்கினான். அப்புறம் திரையில் அவன் விரல் விட்டு வருஷம் எண்ணினான். மனுவை நெஞ்சில் வைத்துத் தூங்கினான். "காவலனா நின்னவனை யாரும் பாக்கலைடி" என்றான். கீழே அரபியிலும் இங்கிலீஷிலும் எழுத்து ஓடியது. ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் அபாயா அங்கி போட்ட ஒரு வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினாலு வருஷமாக அவளுடைய விசாவைத் தான் வைத்திருப்பதாக நினைத்தான். அவளோ அவனையே உள்ளும் புறமுமாக வைத்திருக்கிறாள். எனக்குள் இவ்வளவு இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லையே, இவளுக்கு எப்படித் தெரிந்தது? அவனுக்குப் பயமும் வந்தது, பெருமையும் வந்தது. விளக்கு வந்ததும் மண்டபம் முழுக்க எழுந்து அவனைப் பார்த்துக் கைதட்டியது. வீரபாண்டி எழுந்து நின்றான். துண்டு இல்லை, செங்கோல் இல்லை. ஆனாலும் அன்று மன்னன்தான்.

விழா முடிந்ததும் துறை அதிகாரி அம்மாள் ஒருவர் வந்து நாகஜோதியிடம் முழுப் படத்தை ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். பதினெட்டுப் பக்கம்.

"இது வெறும் மூணு நிமிஷ மாதிரிதாங்க. முழுப் படம் இனிமேத்தான். நீங்க இந்த வருஷமும் மனு போடணும். நானே நிரப்பிட்டேன். யானை ரெண்டாக்கியிருக்கேன்."

"ரெண்டு யானையா? அப்புறம் எப்படி நாகு கிடைக்கும்?"

"கிடைச்சிட்டா படம் ஏதுங்க?"

அவன் இந்த முறை பதினெட்டுப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தான். படித்து முடித்துவிட்டுப் பேனாவை எடுத்தான். கையெழுத்து, இரண்டு கோடு, இரண்டு புள்ளி. நிமிர்ந்தபோது நாகஜோதி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க. முகத்துல இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வேணும்."