குடிக்காமல் தள்ளாடிய ஊதல் அண்ணாச்சி

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் குடித்துவிட்டு நேராக நடந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். குடிக்காமல் தள்ளாடியவர் ஊர் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். எங்கள் தெருவில் குடிகாரன் என்று பெயர் வாங்கியவரும் அவர் ஒருவர்தான். ஊர் நியாயம் எப்போதும் அப்படித்தானே.

அவரை ஊதல் அண்ணாச்சி என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அப்போது ஒரு பஞ்சு மில் ஆபீசில் குமாஸ்தா, கல்யாணமாகாதவன். என் வாடகை அறைக்கு நேர் கீழே அண்ணாச்சியின் வாடகை சைக்கிள் கடை. பெட்டியும் படுக்கையுமாக நான் போய் இறங்கிய அன்றைக்கு, கடைக்குள்ளிருந்து ஓர் ஆள் சுவரை ஒரு கை, சைக்கிளை ஒரு கை பிடித்துக்கொண்டு ஆடி ஆடி வந்தார். நேரே என் மூக்குக்கு முன்னால் நின்று 'ஹா' என்று ஊதினார்.

"என்ன வாடை அடிக்கு?"

"சாம்பார்" என்றேன் பயந்துபோய்.

"வேற?"

"லேசா வெங்காயம்."

"அம்புட்டுதான? பொறவு யாராச்சும் உங்கிட்ட வேற மாதிரி சொன்னா, நான் ஊதிக் காட்டுனேன்னு சொல்லிரு தம்பி."

அதுதான் அவர் வணக்கம் சொல்கிற விதம். பால்காரர், போஸ்ட்மேன், ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், எல்லாருக்கும் அண்ணாச்சி முதலில் ஊதிக் காட்டுவார், பிறகுதான் பேச்சு. வேட்பாளர் அதைத் தன் கட்சிக்கு எதிரான சாபம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

ஒரு காலத்தில் அண்ணாச்சி குடித்தவர்தான், அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல. அந்த நாளில் சாராயக் கடையிலிருந்து வீடு வரை ஹேண்டில்பாரைத் தொடாமல் சைக்கிள் ஓட்டுவாராம். 'மனுசன் எம்புட்டுக் குடிச்சாலும் நிதானம் தப்ப மாட்டார்யா' என்று ஊரே மெச்சியிருக்கிறது. மெச்சாதவர் அவர் வீட்டம்மா மட்டும்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கூமாப்பட்டிக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணாச்சி குடியைக் கூட்டினார். பிறகு ஒருநாள் செருப்பு ஒரு தெருவில் கழன்று விழுந்தது தெரியாமல் அடுத்த தெரு வரை நடந்திருக்கிறார். காலில் செருப்பு இருக்கிறதா என்று காலுக்கே தெரியவில்லை.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அண்ணாச்சி மூடினார், டாக்டர் மேலேயே விழுந்தார்.

"குடியால நரம்பு கெட்டுப் போச்சு. இனிமே தொடாம இருந்தீங்கன்னா, கெட்டது இதோட நிக்கும். போனது திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாராம் டாக்டர்.

அன்றைக்கு விட்டவர்தான். விட்ட கையோடு கூமாப்பட்டிக்கு ஆள் அனுப்பினார். குடியை விட்டாச்சு, வீட்டுக்கு வரச் சொல்லுங்க என்று. போன ஆள் திரும்பி வந்து சொன்ன பதில்: 'விட்டவரு எதுக்குத் தள்ளாடுதாருன்னு கேக்காவ.'

இதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் தெருவுக்கு அதில் சந்தேகமே இல்லை. குடித்தபோது நேராக நடந்தார். விட்டார், தள்ளாடுகிறார். ஆகவே, காலைக் கெடுத்தது குடி இல்லை, குடியை விட்டதுதான். தெருவில் இருந்த குடிகாரர்கள் அத்தனை பேருக்கும் அண்ணாச்சி ஒரு வரப்பிரசாதமாக வாய்த்தார். பெண்டாட்டி அழுதால் ஜன்னலைத் திறந்து அவரைக் காட்டினார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்னிடமே கண் கலங்கச் சொன்னார்: "எனக்கும் விட்டிரணும்னு ஆசைதான் சார். நரம்ப நெனச்சாத்தான் பயமா இருக்கு."

பழைய கூட்டாளிகள் இரக்கப்பட்டு ஒரு பாட்டிலோடு வந்தார்கள். மருந்து மாதிரி ரெண்டு மடக்குப் போடு, கால் தானா நேராகும் என்றார்கள்.

"ஏலே, போன நரம்பு போகட்டும். மிச்சம் இருக்கறத வச்சுத்தாம்ல நான் குடும்பம் நடத்தணும்."

"குடும்பம் கூமாப்பட்டியில இல்லா இருக்கு?"

"வருவா" என்றார் அண்ணாச்சி.

சொல்லிவிட்டாரே தவிர, சாயங்காலமானால் நாக்கு கேட்கும். அந்த நேரம் பார்த்துக் காற்றடிக்கும் பம்பைப் பிடித்துக்கொள்வார். கடையில் இருக்கிற சைக்கிள்களுக்கெல்லாம் அடி அடியென்று அடிப்பார். ராஜபாளையத்தில் அவர் சைக்கிளை வாடகைக்கு எடுத்தவர்கள் சீட்டில் உட்கார்ந்ததைவிட ஆகாயத்தில் இருந்த நேரம் அதிகம். சில நாள் டியூப் வெடிக்கும். தெருவில் கேட்டவர்கள், "அண்ணாச்சிக்கு இன்னைக்கு ரொம்பக் கஷ்டம் போல" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் மாடியில் மனசு ஒருமாதிரி ஆகிவிடும்.

அந்தக் கால்கள் வேறு வேடிக்கையானவை. நிஜமான எறும்பு கடித்தால் தெரியாது. இல்லாத எறும்பு ஊர்வது மட்டும் நன்றாகத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் தீபாராதனையின்போது எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட, இவர் கண்ணைத் திறந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். மூடினால் விழுந்துவிடுவாரே. பட்டருக்குப் பொறுக்கவில்லை.

"தாயார் இங்க எழுந்தருளியிருக்கா. நீர் உம்ம காலைச் சேவிச்சுண்டு நிக்கிறீரே?"

"தாயார் எங்கயும் போயிற மாட்டா சாமி. என் கால்தான் எங்க போகுதுன்னு தெரிய மாட்டேங்கு."

இன்னொரு நாள், கடையில் வந்து நின்ற மோட்டார் சைக்கிளின் சைலன்சரில் பாதத்தை வைத்துக்கொண்டு உள்ளூர் அரசியல் பேசினார். பேச்சு நடுவில் மூக்கைச் சுளித்து, "யாருல அங்க ரப்பர எரிக்கது?" என்றார். எரிந்தது அவர் பாதம். புண் ஆற மாசக்கணக்கானது. அண்ணாச்சிக்குச் சுடாது என்கிற சங்கதி அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இப்போது கூமாப்பட்டி மச்சானைச் சொல்ல வேண்டும். வீட்டம்மாவின் அண்ணன். தோப்பும் வயலும் உள்ளவர். பளிச்சென்ற வேட்டி, கம்பம் மாதிரி நேர் நடை. மாசத்துக்கு ஒருமுறை மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று பரிசோதிக்க வருவார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வழியில் ஒரு கடையில் தொண்டையை நனைத்துக்கொண்டுதான் அந்தப் பரிசோதனைக்கே வருவார். அப்படி வந்த ஒருநாள் நானும் கடையில் இருந்தேன்.

"ஊதுங்க மாப்பிள."

அண்ணாச்சி ஊதினார்.

"வாடை அடிக்கே."

"அது உங்க வாடை மச்சான்."

"என் வாடை எனக்குத் தெரியாதாக்கும்? செத்த அங்கன வரைக்கும் நடங்க, பாப்போம்."

அண்ணாச்சி நடந்தார். ரெண்டு சைக்கிளைத் தள்ளிவிட்டு, தந்திக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். மச்சான் கோடு கிழித்த மாதிரி நடந்து போய் அவரை நிமிர்த்திவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீகளா தம்பி? இவர நம்பி எந்தங்கச்சிய எப்பிடி அனுப்ப?"

அன்றைக்குத்தான் கடைசித் தீர்ப்பும் சொன்னார். பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோயிலில் பூக்குழி. விரதமிருந்து காப்புக் கட்டியவர்கள் நெருப்புக் கங்குமேல் நடந்து வருவார்கள். "அதுல இறங்குங்க மாப்பிள. குடிக்கறவனா இருந்தா அம்மன் காலச் சுட்டுருவா. வாய் திறக்காம ஏறி வந்துட்டீகன்னா, அங்கனயே தங்கச்சியக் கையப் பிடிச்சுக் குடுத்திருதேன். இல்லையா, இனிமே அவள மறந்துருங்க."

தெருவே கைதட்டாத குறை. பரீட்சைக்கு முன்னாலேயே வினாத்தாள் கிடைத்த மாதிரி அல்லவா? அண்ணாச்சிக்குத்தான் சுடாதே. "காலு வெந்தா மருந்து போட்டுக்கிடலாம் அண்ணாச்சி, மதினி வந்துருவாங்கள்லா" என்று நானும்தான் சொன்னேன். அவர் பம்பை எடுத்துக்கொண்டார்.

ஆனால் காப்புக் கட்டிக்கொண்டார். மஞ்சள் வேட்டி கட்டினார், ஒரு நேரச் சாப்பாடு. குறித்த நாளில் எங்கள் தெரு பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது. கூட்டத்தில் ஒரு பக்கம் மச்சான், பக்கத்தில் தலை குனிந்து அவர் தங்கச்சி, எங்கள் மதினி. அவரை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன், மெலிந்து போன முகம்.

வரிசை நகர்ந்தது. அண்ணாச்சிக்கு முன்னால் ஒரு நடுவயதுப் பெண். மகனுக்குக் கண் பார்வை வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டவராம். நெருப்பைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார். பிறகு அம்மா தாயே என்று முனகிக்கொண்டு இறங்கி, அழுதுகொண்டே கடந்து போனார். அடுத்தது அண்ணாச்சி. குழியின் விளிம்பு வரை வந்தவர் நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி, எங்களைப் பார்த்து ஆடி ஆடி வந்துவிட்டார்.

"பாத்தீகளா" என்றார் மச்சான் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி. "அம்மன் முன்னால பொய் செல்லுமா? உள்ள சரக்கு இருக்கு, பயந்துட்டாரு."

"பயம்லாம் இல்ல மச்சான். எனக்குச் சுடாது."

"சுடாட்டா இறங்க வேண்டியதுதான?"

"சுடும்னு தெரிஞ்சு அந்தம்மா இறங்குச்சு பாருங்க, அது நேத்திக்கடன். எனக்கு அது வெறும் மண்ணுல நடக்கற மாதிரி. அம்மனையே ஏமாத்திட்டு, அந்தப் பொய்ய வச்சா இவளக் கூட்டிட்டுப் போகணும்? குடிக்கல மச்சான். நம்புனா நம்புங்க. நம்பாட்டாலும் நான் குடிக்க மாட்டேன்."

எங்கள் தெருக்காரர்களுக்கு ஆத்திரமான ஆத்திரம். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். காப்புக் கட்டிவிட்டுத் திரும்பினால் தெய்வ குத்தம் என்றார் ஒருவர். அவர் காலையிலேயே ஒரு குவார்ட்டர் முடித்தவர். மச்சான், "வா தாயி, போவோம்" என்று தங்கச்சியின் கையைப் பிடித்தார்.

மதினி கையை உருவிக்கொண்டார்.

"அண்ணே, இவிய குடிச்ச காலத்துல எந்தலையில அடிச்சு எத்தன சத்தியம் பண்ணுனாக தெரியுமா? அம்புட்டும் பொய்யி. ஒரு பொய்யச் சொல்லித் தப்பிக்கலாம்னா, குடிகாரன் விடவே மாட்டான். இன்னைக்கி ஊரே சேந்து கையில குடுத்த பொய்ய வேண்டாம்னுட்டாக." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "இவிய குடிய விட்டுட்டாக. எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க விடுதப்ப சொல்லி அனுப்புங்க."

மச்சான் முதல்முறையாக நின்ற இடத்தில் ஆடினார்.

வேலை மாறி நான் வேறு ஊர் போய்விட்டேன். தொண்ணூறுகளில் ஒருமுறை ராஜபாளையம் போனபோது சாயங்காலமாகக் கடைக்குப் போனேன். டாக்டர் சொன்னபடி போன நரம்பு திரும்பவில்லை, இருந்த நரம்பு போகவில்லை, அண்ணாச்சி ஒரு சொட்டுத் தொடவுமில்லை. கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மதினி தரையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைச் சட்டை செய்யாமல், அவர் காலை மடியில் வைத்து முள்ளோ கண்ணாடியோ குத்தியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். குத்தினால் அவருக்குத் தெரியாதே, தினமும் பார்க்க வேண்டும். ஒரு கருவேல முள் இருந்தது. ஊக்கால் மெதுவாக நெம்பி எடுத்தார்.

"வலிக்குதா?" என்றார் மதினி.

"லேசா" என்றார் அண்ணாச்சி.

குடியை விட்ட பிறகு அந்த மனிதர் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான்.